ரைட்டர் காணாமல் போன இரவு: ஏற்காட்டுப் பின்னணியில் ஒரு மர்ம செஷன், முழு நிகழ்வு ஆய்வு

டேபிள்டாப் ஆர்பிஜியில், அதாவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி விளையாடும் கதை ஆட்டத்தில், மர்மக் கதை நடத்தியவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒருவர் பகடையை உருட்டுகிறார், எண் சரியாக விழவில்லை, அதனால் டிராயருக்குள் இருந்த கடிதம் யார் கண்ணிலும் படவில்லை, அப்புறம் முக்கால் மணி நேரம் எல்லோரும் சம்பந்தமே இல்லாத கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டத்தை நடத்துகிற ஜிஎம்முக்கு விடை தெரியும், ஆனால் சொல்ல முடியாது. கடைசியில் யாரோ ஒரு என்பிசி, அதாவது ஜிஎம்மே பேசும் ஒரு துணைப் பாத்திரம், வந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுப் போவார். ஆட்டம் முடிந்ததும் "எங்க பிளேயர்ஸுக்கு மிஸ்டரி எல்லாம் செட் ஆகாது" என்று பேச்சு வரும். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் அந்த நாலு பேரும் யோசிக்கத் தயாராகத்தான் வந்தார்கள், யோசிக்க எதுவும் அவர்கள் கைக்குக் கொடுக்கப்படவில்லை.

இந்த ஆய்வு, சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு நண்பர் வீட்டு மாடியில் நான் நான்கு பேருக்கு நடத்திய, ஒரே அமர்வில் முடிகிற ஒன்ஷாட் ஆட்டம் பற்றியது. கதை நடப்பது 1968 ஜனவரியில், ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருப்பதாக நான் வைத்துக்கொண்ட ஒரு கற்பனை காபி எஸ்டேட்டில். விடை உட்பட எல்லாமே கீழே இருக்கிறது, அதனால் இதை யாராவது உங்களுக்கு நடத்தப்போவதாகச் சொல்லியிருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். துப்பு கிடைக்குமா கிடைக்காதா என்பதில் விளையாட்டே இல்லை. கிடைத்ததை எல்லாம் சேர்த்து "இதுதான் நடந்தது" என்று சொல்கிற இடத்திலும், சொன்ன பிறகு என்ன செய்வது என்று முடிவெடுக்கிற இடத்திலும்தான் விளையாட்டு இருக்கிறது. ஜிஎம்மின் தயாரிப்பு முழுக்க அந்த இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும்.

குற்றம் நடந்த இரவை முதலில் எழுதினேன்

பிளேயர்கள் எங்கே போவார்கள், யாரிடம் பேசுவார்கள் என்று நான் எதுவும் எழுதவில்லை. எழுதியது அந்தச் சனிக்கிழமை ராத்திரி எஸ்டேட்டில் யார் எந்த மணிக்கு என்ன செய்தார்கள் என்பதை மட்டும்.

முதலில் நோக்கம். சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் என்பது இங்கே பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது அதற்குப் பின்னால் வந்த ஒரு விஷயம். 1942 காபிச் சட்டத்துக்குப் பிறகு, தோட்டக்காரர் தன் விளைச்சலைத் தானே விற்க முடியாது. வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதி அத்தனையும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். வாரியம் விற்கும், பணம் தவணை தவணையாக வரும். 1990களில்தான் இந்த ஏற்பாடு படிப்படியாக எடுக்கப்பட்டது. அப்படியென்றால் 1968ல் ஒரு எஸ்டேட்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக நாலு மூட்டை கீழே இறங்கி ஒரு கடைக்காரர் கையில் உடனே ரொக்கமாக மாறினால், அது கள்ளச் சரக்கு. ஒரு கொலைக்குத் தேவையான பணமும் பயமும் அதிலேயே இருக்கிறது, பேய் வேண்டாம், புதையல் வேண்டாம். அந்த வருடத்தை நான் எடுத்ததற்கு இதுதான் காரணம். செல்போன் இல்லாததும், 20 கொண்டை ஊசி வளைவுக்குக் கீழேதான் சேலம் என்பதும் கூடுதல் வசதி.

அப்புறம் அந்த இரவு. சனிக்கிழமை சம்பள நாள். மாலை 4 மணிக்குப் பழம் எடை போட்டு, 5 மணிக்குக் கூலி கொடுக்க ஆரம்பித்து, இருட்டுவதற்குள் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டு "மீதி அடுத்த வாரம்" என்று அனுப்புகிறார்கள். மீதிப் பணம் பெட்டியில். 9.30க்கு லாரி விளக்கை அணைத்துக்கொண்டு காயப்போடும் களத்துக்கு வருகிறது. 10 மணிக்கு ரைட்டர், அதாவது எஸ்டேட்டின் கணக்கெல்லாம் எழுதுகிறவர், சத்தம் கேட்டு அங்கே போகிறார். மானேஜரும் டிரைவரும் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். வாக்குவாதம், தள்ளுமுள்ளு, ரைட்டர் களத்துச் சுவரிலிருந்து கீழே பல்பர் (பழத்தோலை உரிக்கும் இயந்திரம்) வாய்க்காலில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோகிறார். 11 மணிக்கு லாரி கீழே இறங்குகிறது. டிரைவர் நடுக்கத்தில் ஒன்றும் பேசவில்லை. ஒரு மணி வாக்கில் மானேஜர் உடலைப் பழத்தோல் குவியலுக்குள் புதைக்கிறார், கூலிப் பெட்டியைச் சாவி போட்டுத் திறந்து பணத்தை எடுத்து ஒளித்துவைக்கிறார், காலையில் "ரைட்டர் கூலிப் பணத்தோடு ஓடிவிட்டார்" என்று எல்லோருக்கும் சொல்கிறார்.

இந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்த பிறகு, ஒவ்வொரு வரிக்கும் நான்கு கேள்வி கேட்டேன்: இது எதைத் தொட்டது, எதைக் குறைத்தது, யார் பார்த்தார்கள், மறுநாள் எது வழக்கத்துக்கு மாறாக இருக்கும்? துப்புகள் அத்தனையும் இந்தக் கேள்விகளிலிருந்து வந்தவை. துப்பை முதலில் யோசித்துவிட்டுக் குற்றத்தை அதற்கு ஏற்ப வளைத்தால் மேஜையில் உடனே தெரிந்துவிடும். பிளேயர் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்பார், "லாரிக்கு டீசல் யார் போட்டாங்க?" என்று, ஜிஎம் முழிப்பார். இரவு முழுக்கத் தெரிந்திருந்தால் அந்தக் கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கும்.

கொஞ்சம் கணக்கு

1981ல் கேயாசியம் வெளியிட்ட கால் ஆஃப் கதுல்ஹு மாதிரி ஆட்டங்களில் திறமை எல்லாம் நூற்றுக்கு இத்தனை என்று இருக்கும். ஒரு கேரக்டருக்குத் தேடும் திறமை 60 என்று வையுங்கள். நல்ல எண்தான். இப்போது மர்மம் சங்கிலி மாதிரி கட்டப்பட்டிருக்கிறது, முதல் துப்பு கிடைத்தால்தான் இரண்டாவது இடம் தெரியும், அங்கே கிடைத்தால்தான் மூன்றாவது. மூன்று முறையும் பகடை சரியாக விழ வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, அதாவது சுமார் 21.6 சதவீதம். ஐந்து மேஜையில் நாலு மேஜை பாதியிலேயே நிற்கும்.

அதே மூன்று துப்பும் ஒரே முடிவை நோக்கித் தனித்தனியாக இருந்தால், ஒன்றாவது கிடைக்க வாய்ப்பு 93.6 சதவீதம். ஜஸ்டின் அலெக்ஸாண்டர் சொன்ன மூன்று துப்பு விதி இதுதான்: பிளேயர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வை. ஆனால் இதோடு நிறுத்தினாலும் போதாது. என் கதையில் எட்ட வேண்டிய முடிவுகள் மூன்று (ரைட்டர் ஓடவில்லை, காபி வெளியே போகிறது, செய்தது மானேஜர்). மூன்றுக்கும் 93.6 என்றால் மூன்றும் சேர்ந்து கிடைக்க 82 சதவீதம்தான். ஆறு மேஜையில் ஒன்று அப்போதும் நிற்கும். நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும்போது இந்த விகிதத்தை என்னால் ஏற்க முடியாது.

அதனால் ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ விதிமுறையின் அடிப்படையையும் எடுத்துக்கொண்டேன். உரிய திறமை உள்ளவர் உரிய இடத்தில் பார்த்தால் துப்பு கிடைக்கும், பகடை கிடையாது. எங்கள் ஆட்டத்தில் பகடை மூன்றுக்கு மட்டும்: உடம்புக்கு ஆபத்து, ஒருவரை நம்பவைப்பது, ஓட்டம். தேடுவதற்கு ஒருபோதும் இல்லை.

"அப்ப ரொம்ப ஈஸியா போயிடாதா?" என்று கேட்பவர்களுக்கு மேஜையில் நடந்ததுதான் என் பதில், கீழே வருகிறது.

பாதித் துப்பு ஒருவரிடம், பாதி இன்னொருவரிடம்

விளையாடியவர்கள்: பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் டீச்சர், ஒரு நர்ஸ் அக்கா, கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன், கல்லூரியில் படிக்கிற ஒரு தங்கச்சி. கேரக்டர்களை நானே எழுதிக் கொடுத்தேன். முதலாளி மெட்ராஸிலிருந்து கணக்குப் பார்க்க அனுப்பிய கணக்குப்பிள்ளை, எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ரைட்டரின் மச்சான், லயனிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, பழம் பறிக்கப் போகிற ஒரு பெண். கணக்கு, வைத்தியம், கடைவீதி, தோட்டம் என்று ஆளுக்கு ஒரு துறை. அந்தத் துறையில் அவர் கண்ணுக்குத் தெரிவது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆட்டத்தின் மையத் துப்பை இரண்டாக வெட்டி இரண்டு பேரிடம் வைத்தேன். பழம் பறித்த பிறகு பல்பரில் போட்டுத் தோலை எடுத்து, தொட்டியில் ஊறவைத்துக் கொழகொழப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைத்தால், மெல்லிய ஓட்டோடு கிடைக்கிறதே, அதுதான் பார்ச்மெண்ட். சுமாராக ஐந்து கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பார்ச்மெண்ட் வரும். இந்த விகிதம் பழம் பறிக்கும் பெண்ணின் ஷீட்டில், அதாவது கேரக்டர் விவரத் தாளில், அவளுக்குத் தெரிந்த பத்து விஷயங்களில் ஒன்றாக இருந்தது. எடைப் பதிவேடும் ஸ்டோர் பதிவேடும் கணக்குப்பிள்ளை கையில். அந்த வாரம் எடை போட்ட பழம் 6,000 கிலோ, ஸ்டோருக்கு வந்த பார்ச்மெண்ட் 900 கிலோ. கணக்குப்பிள்ளைக்கு விகிதம் தெரியாது. அந்தப் பெண்ணுக்குப் பதிவேடு கிடைக்காது. 1,200 இருக்க வேண்டிய இடத்தில் 300 கிலோ குறைகிறது என்று தெரிய அவர்கள் இருவரும் பேசியே ஆக வேண்டும்.

மற்ற துப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரைட்டர் ஓடவில்லை என்பதற்கு: வாய்க்காலில் உடைந்த மூக்குக் கண்ணாடி, ஜனவரிக் குளிரில் விட்டுவிட்டுப் போன கம்பளி, காலை முதல் பஸ் கண்டக்டர் அவரைப் பார்க்கவில்லை என்பது, தோல் குவியல். காபி வெளியே போவதற்கு: பதிவேடு, மரம் ஏற்றியதாக எழுதியிருக்கும் லாரியின் பலகை இடுக்கில் பார்ச்மெண்ட், ராத்திரி மலையில் தெரிந்த விளக்கு. மானேஜருக்கு: பெட்டி உடைபடாமல் சாவியால் திறந்திருப்பது, ராத்திரி இரண்டு மணிக்குச் சமையல்காரரை எழுப்பி வெந்நீர் கேட்டது, துவைக்கப் போட்ட கால்சட்டையில் பழத்தோல் கறை. பிளேயர்களைத் திசைதிருப்ப என்று எதையும் நான் வைக்கவில்லை. அதை அவர்களே நிறையச் செய்துகொள்வார்கள், செய்தார்கள்.

ஆரம்பிக்கும் முன் கொஞ்சம் பேசினோம். கதையில் சாவு உண்டு, எஸ்டேட்டில் மேல் கீழ் உண்டு, குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் எதிரான வன்முறை மேஜைக்கு வராது, யாருக்கு எது வேண்டாம் என்றாலும் கையைத் தூக்கினால் காட்சி மாறும். மலைக் கிராமத்து மக்களை மந்திரம் மாயம் என்று மர்மத்துக்கான அலங்காரமாக்குவதும் வேண்டாம் என்று நான் சொன்னேன். ஐந்து நிமிடம்தான் ஆனது.

மணிவாரியான அந்தப் பக்கத்தை ஒரு கவரில் போட்டு ஒட்டி மேஜை நடுவில் வைத்தேன். உண்மை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, நீங்கள் பேசுவதைக் கேட்டு நான் மாற்றப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். வேறு வழியும் இருக்கிறது: பிரிண்டில்வுட் பே ஆட்டத்தில் விடையே முன்கூட்டிக் கிடையாது, பிளேயர்கள் ஒரு கருத்தைச் சொல்லி, இரண்டு பகடை உருட்டி, கிடைத்த துப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி, மர்மத்தின் சிக்கல் எண்ணைக் கழிப்பார்கள், நல்ல எண் வந்தால் அவர்கள் சொன்னதே உண்மை. அதுவும் அழகான வடிவம்தான். ஆனால் டீச்சர் மாதிரி ஒருவர் மேஜையில் இருக்கும்போது, சரியான விடை ஒன்று எங்கோ இருக்கிறது என்ற உறுதி இல்லாவிட்டால் ஆட்டத்தில் பிடிப்பு வராது. எங்கள் நாலு பேருக்கு ஒட்டிய கவர்தான் சரி.

இன்னொன்று, ஒரு சின்னத் துணிப்பையில் நிஜமான பார்ச்மெண்ட் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தேன். சேலத்திலேயே பிறந்து வளர்ந்து, வாரத்துக்கு ஏழு நாளும் பில்டர் காபி குடித்து, வறுக்காத காபியைக் கையால் தொடாதவர்கள் எத்தனையோ பேர். பை மேஜையைச் சுற்றி வந்தது. லாரி இடுக்கில் "இது கிடக்கிறது" என்று நான் சொன்னபோது அவர்கள் விரலில் அது ஏற்கெனவே இருந்தது.

மேஜையில் நடந்தது

முதல் ஒரு மணி நேரம் நால்வரும் உறுதியாக நம்பிய கதை: ரைட்டரும் டிரைவரும் கூட்டு, பணத்தை எடுத்துக்கொண்டு லாரியில் இறங்கிவிட்டார்கள், டிரைவர் மட்டும் திரும்பி வந்திருக்கிறார். நல்ல கதை, அப்போது கையில் இருந்த எல்லாத் துப்புக்கும் பொருந்துகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்காலில் கண்ணாடி கிடைத்ததும் நர்ஸ் அக்காவின் கம்பவுண்டருக்கு வைத்தியத் துறையில் ஒரு தகவல் கொடுத்தேன்: இந்தக் கண்ணாடிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததே நீங்கள்தான், இது இல்லாமல் அவருக்குக் கை நீளத்துக்கு மேல் எதுவும் தெரியாது. அக்கா கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "கண்ணாடி இல்லாம இருட்டுல இவரு மலை எறங்கமாட்டாருங்க, மெத்தைப் படியே எறங்கமாட்டாரு" என்றார். கட்டிவைத்த கதை அந்த இடத்தில் விழுந்தது. அதை இடித்தது நான் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு பொருளைக் காட்டினேன், அது என்ன சொல்கிறது என்பதை அவர் சொன்னார். ஜிஎம் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும், அர்த்தத்தைச் சொல்லக் கூடாது. இதை மட்டும் கடைப்பிடித்தால் போதும், துப்பைச் சும்மா கொடுத்தாலும் ஆட்டம் சுலபமாகாது.

அடுத்தது பதிவேடு. டீச்சர் கையில் கொடுத்தவுடன் கூட்டல் எல்லாம் சரிபார்த்தார், எல்லாம் சரி. எழுதியவர் நேர்மையானவர், இரண்டு பதிவேடும் தனித்தனியாகப் பார்த்தால் தப்பே இல்லை. அவர் மூடி வைக்கப் போனபோது கொலுசுப் பட்டறை அண்ணன் குறுக்கே வந்தார். அவர் கேரக்டருக்குக் கணக்குத் துறையே கிடையாது. "டீச்சர், ஒரு நிமிஷம். எங்க பட்டறைல வெள்ளி கொடுக்கறப்ப ஒரு எடை, கொலுசா வாங்கறப்ப ஒரு எடை. நடுவுல சேதாரம் இவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் எவன் எடுத்தான்னு கேக்கமுடியும்." அப்படியே தங்கச்சி பக்கம் திரும்பி, "ஏம்மா, பழத்துக்குச் சேதாரம் எவ்வளவு?"

தங்கச்சி ஷீட்டை மேலிருந்து கீழே படித்தாள். "அஞ்சு கிலோவுக்கு ஒரு கிலோண்ணா, இங்க எழுதியிருக்கு."

டீச்சர் ஆறாயிரத்தை ஐந்தால் வகுத்தார், பழைய வாரங்களையும் வகுத்தார், ஆறு வாரமாக இப்படியே குறைகிறது என்று அவரே கண்டுபிடித்தார். மேஜையில் நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் மர்ம ஆட்டம் நடத்துவதே இந்த மாதிரி நிமிடத்துக்காகத்தான். வெள்ளியில் எடை போட்டு எடை வாங்குகிற ஊரில், எடைதான் துப்பு என்று வைத்ததும் ஒரு காரணம். பிளேயர்கள் தங்கள் வாழ்க்கையில் தினமும் செய்கிற யோசனையாலேயே திறக்கிற துப்பு, எவ்வளவு கெட்டிக்காரத்தனமான சங்கேத மொழியையும் விட மேஜையில் உயிரோடு இருக்கும்.

நடுவில் தட்டுவடை செட் வந்தது, கால் மணி நேரம் இடைவேளை. அப்போதும் பேச்சு எல்லாம் மானேஜரா டிரைவரா என்பதுதான்.

இடைவேளைக்குப் பிறகு தங்கச்சிக்கு ஒரு யோசனை. ரைட்டர் அடிபட்டு எங்கோ ஒளிந்திருக்கலாம், மேலே சேர்வராயன் கோயில் குகையில் போய்ப் பார்க்கலாம் என்றாள். அங்கே நான் எதுவும் வைத்திருக்கவில்லை. இந்த இடத்தில் பல ஜிஎம்கள் "அங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள், பிளேயருக்கு முகம் சுருங்கிவிடும். என் குறிப்பில் ராத்திரி விளக்கைப் பார்த்த சாட்சி ஒருவர் இருந்தார், இடம் குறிப்பிடாமல் விட்டிருந்தேன். அவரைக் கோயிலுக்கு வந்துபோகிற ஒரு பெரியவராக அங்கே உட்காரவைத்தேன். மேலே இருந்து பார்த்தால் பாதை தெரியும், நேத்து நடுராத்திரிக்கு முன்னால் ஒரு வண்டி பாதி தூரம் விளக்கில்லாமல் போய், அப்புறம் விளக்கைப் போட்டது என்றார். சாட்சி எங்கே இருக்கிறார் என்பதை ஜிஎம் மாற்றலாம். அவர் எதைப் பார்த்தார் என்பதை மாற்றக் கூடாது. கவருக்குள் இருப்பதற்கு ஒரு வரி முரணாகப் போனாலும் கவர் வெறும் காகிதம்.

நேரத்துக்கு ஒரு கடிகாரமும் வைத்திருந்தேன், காகிதத்தில் ஒரு வட்டம், ஆறு கட்டம். அவர்கள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போதோ, ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிப் பேசும்போதோ ஒரு கட்டம் நிரம்பும். நாலாவதில் மானேஜர் எடைப் பதிவேட்டை அடுப்பில் போடுவார், ஆறாவதில் லாரி மிச்ச மூட்டையோடு கிளம்பும். கோயிலுக்குப் போய்வந்ததில் நாலாவது கட்டம் நிரம்பிவிட்டது, பதிவேடு எரிந்துவிட்டது. டீச்சருக்கு நிஜமாகவே ஆத்திரம். ஆனால் பறித்த எடைக்கு ஆளாளுக்குக் கொடுத்த துண்டுச் சீட்டுகள் லயன் வீடுகளில் இருக்கின்றன என்று தங்கச்சியின் ஷீட்டில் இருந்தது, வீடு வீடாகப் போய் வாங்கிச் சேர்த்தார்கள். அந்தச் சீட்டு வாங்கும் காட்சியை நான் திட்டமிடவே இல்லை. மச்சான் ஒவ்வொரு வீட்டிலும் "எங்க அக்கா வூட்டுக்காரரு பணத்தைத் தூக்கிட்டு ஓடலைங்க" என்று சொல்லி நிற்க, நான் ஒவ்வொரு வீட்டுக்காரராகவும் பேச, நல்ல கனமான இருபது நிமிடம் அது.

உடல் கிடைத்த விதம். பல்பர் பக்கத்துத் தோல் குவியலைப் பார்க்கப் போனபோது தோட்டத் துறைக்காகத் தங்கச்சிக்கு மட்டும் சொன்னேன்: பழைய தோல் புளித்துக் கறுத்திருக்கிறது, புதுத் தோல் சிவப்பாக இருக்கிறது, கறுப்பு மேலே இருக்கிறது. அவ்வளவுதான். அவள் அதை மற்றவர்களுக்கு அப்படியே திருப்பிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "கீழ இருக்க வேண்டியது மேல இருக்கு" என்றாள். யாரும் பகடையைத் தேடவில்லை.

என்பிசிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் மறைக்க ஒரே ஒரு விஷயம் கொடுத்தேன், மற்றதில் எல்லாம் அவர்கள் உண்மை பேசுவார்கள். சமையல்காரர் ஸ்டோரிலிருந்து சர்க்கரை எடுப்பதை மறைக்கிறார், அதைப் பற்றிக் கேட்கமாட்டோம் என்று சொன்னவுடன் வெந்நீர் விஷயத்தைத் தானே சொல்லிவிட்டார். எல்லா என்பிசியும் எல்லாவற்றிலும் பொய் சொன்னால் பிளேயர்கள் யாரிடமும் பேசாமல் பூட்டை உடைக்கப் போய்விடுவார்கள்.

தெரிந்த பிறகு

கவரைப் பிரிக்க இன்னும் நேரம் இருந்தது, ஆனால் யார் செய்தார்கள் என்பது மேஜைக்குத் தெரிந்துவிட்டது. இங்கேதான் பெரும்பாலான மர்ம செஷன்கள் முடிகின்றன. நான் ஒரு துப்பை இதற்கென்றே வைத்திருந்தேன்: மானேஜர் அறையில் மெட்ராஸிலிருந்து முதலாளி எழுதிய ஒரு கடிதம், "இந்த மாதத்துக்கான தொகை வரவில்லை" என்று. கள்ள விற்பனை முதலாளிக்குத் தெரிந்தே நடக்கிறது. அப்படியென்றால் கணக்குப்பிள்ளையை அனுப்பியதே கணக்கை மூடத்தான். போலீசுக்குப் போனால் கணக்குப்பிள்ளைக்கு வேலை போகும், ஸ்டோருக்குச் சீல் வைத்தால் லயனில் பாதிப் பேருக்கு வர வேண்டிய கூலி பருவம் முடிந்தும் வராது.

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. மச்சானுக்கு நியாயம் இப்போதே வேண்டும். பழம் பறிக்கும் பெண் கூலி வராமல் எந்த நியாயமும் வேண்டாம் என்கிறாள். கம்பவுண்டர் இருவருக்கும் நடுவில். கடைசியில் டீச்சர் ஒரு வழி சொன்னார்: ஒளித்துவைத்த பணத்தை மானேஜர் கையாலேயே எடுக்கவைத்து, அந்த ராத்திரியே லயனில் ஆளாளுக்குக் கொடுத்துக் கைநாட்டு வாங்கி, விடியற்காலை துண்டுச் சீட்டுகளோடு ஏற்காடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது, புகாரைக் கணக்குப்பிள்ளையே தன் பெயரில் எழுதுவது. தன் கேரக்டரின் வேலை போகும் என்று தெரிந்தே சொன்னார். லாரி மூடுபனியில் நழுவப் பார்த்தபோது மட்டும் பகடை உருண்டது, வளைவில் குறுக்கே நின்ற பெண்ணுக்குக் கையில் அடி. வண்டி நின்றது.

அப்புறம் கவரைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்கள். டிரைவர் தள்ளினாரா மானேஜர் தள்ளினாரா என்பதில் மட்டும் அவர்கள் கதைக்கும் என் பக்கத்துக்கும் வித்தியாசம் இருந்தது, அதில் நான் "தள்ளுமுள்ளு" என்று மட்டும் எழுதியிருந்தேன். அதைப் பற்றி வாசலில் செருப்பு போடும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

நடத்த நினைப்பவர்களுக்கு

நாலு மணி நேரம் ஒதுக்குங்கள், கடைசி ஒரு மணி நேரத்தை அந்த விவாதத்துக்கு என்று கறாராகக் காப்பாற்றுங்கள், இடைவேளை நீண்டால் துப்புக் காட்சிகளில் ஒன்றைக் குறையுங்கள், விவாதத்தில் கைவைக்காதீர்கள். முதலாளியின் கடிதம் எப்படியாவது கிடைத்தே ஆக வேண்டும், அதனால் அதை மானேஜர் அறை, தபால் பை, சமையல்காரர் மூன்றிலும் வைத்துவிடுங்கள். மூன்று பேர்தான் என்றால் கம்பவுண்டரை எடுத்துவிட்டு, கண்ணாடித் தகவலை மச்சானிடம் கொடுக்கலாம், சொந்தக்காரருக்கு அது தெரிந்திருக்கும். சின்னப் பிள்ளைகளோடு விளையாடினால் ரைட்டர் சாக வேண்டியதில்லை, அடிபட்டுப் பூட்டிய பழைய ஸ்டோரில் கிடக்கட்டும், எடைக் கணக்கு அப்படியே வேலை செய்யும்.

நீலகிரிப் பக்கம் தேயிலைக்கு மாற்ற நினைத்தால் விகிதம் மாறும், சுமார் நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள். ஆனால் காபிக்கு இருந்த மாதிரி முழுச் சரக்கையும் வாரியத்திடம் ஒப்படைக்கும் கட்டாயம் தேயிலைக்கு இல்லாததால், ராத்திரியில் மூட்டை ஏன் இறங்குகிறது என்பதற்கு நீங்கள் வேறு காரணம் கண்டுபிடித்துவிட்டு, அந்த இரவை 4 மணியிலிருந்து திரும்ப எழுத வேண்டியிருக்கும்.